மறைத்தல் என்னும் தொழில்

சைவ சித்தாந்தத்தைக் கற்கப் புகுந்த எவரும் தொடக்கப் பாடங்களிலேயே ஓரிடத்தில் தயங்கி நிற்பது வழக்கம். இறைவன் இயற்றும் தொழில்கள் ஐந்து என்று ஆசிரியர் எண்ணிச் சொல்லுகையில், படைத்தலும் காத்தலும் அழித்தலும் எளிதில் மனத்தில் இறங்கிவிடுகின்றன. ஐந்தாவதாகிய அருளலுக்கு விளக்கமே வேண்டியதில்லை. இடையில் நிற்கும் மறைத்தல் ஒன்று மட்டும், தெய்வத்தின்மேல் ஏற்றிச் சொல்லத் தகாத செயலாகவே நமக்குப் படுகிறது. உண்மையை உயிர்களுக்குக் காட்ட வேண்டிய பரம்பொருள் அதனை மறைப்பதைத் தொழிலாகக் கொள்வானேன்? அதற்குத் திரோதானம் என்று பெயரும் இட்டு, அதுவும் அருளின் ஒரு வகையே என்று முடிப்பதைக் கேட்கும்போது, உலகில் காணும் அறியாமைக்கும் துன்பத்துக்கும் வேறு சமாதானம் அகப்படாத தர்க்க பண்டிதர்கள் புனைந்த யுக்தியோ இது என்ற ஐயம் எழுவதில் வியப்பில்லை. இந்த ஐயத்தைப் பற்றி வேதாந்திகளும் நாத்திகர்களும் எழுதியவை ஏராளம். அவர்கள் எட்டிப் பாராத ஒரு துறையின் வழியே, அதாவது கம்பியில்லாத் தகவல்தொடர்பில் உழைத்த ஓர் ஆராய்ச்சிப் பொறியாளரின் வாழ்க்கை வழியே, இதனை மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம் என்பது என் விருப்பம்.

அவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்து, ஏற்காட்டில் கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியில் படித்து, பதினைந்தாம் வயதில் கடற்படைப் பயிற்சிக்குச் சென்றவர். மலையில் கழிந்த பள்ளி நாட்களே அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புக்கு வித்திட்டன என்று சொல்ல நான் வரவில்லை. அத்தகைய பொருத்தங்களைத் தேடிச் சரித்திரம் எழுதுவது நாவலாசிரியர்களின் உரிமை. ஆயினும் அவர் பின்னாளில் தீர்த்துவைத்த பிரச்சினை இன்னதென்று விளங்கிக்கொள்வதற்குச் சேர்வராயன் மலையைவிட ஏற்ற இடம் அரிது என்பது மட்டும் உறுதி.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுபவர், காபிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களையும் அவற்றைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளையும் பாறைச் சரிவுகளையும் பார்த்துக்கொண்டே வந்து, தலைச்சோலை போன்ற ஒரு மலைச் சிற்றூரை அடைந்து, கீழே உள்ள தம் வீட்டாருடன் பேசுவதற்காகக் கைப்பேசியை எடுப்பாராகில், இருந்த இடத்தில் குரல் அறுந்து அறுந்து கேட்பதையும், நான்கைந்து விரற்கடை நகர்ந்த மாத்திரத்தில் தெளிந்து கேட்பதையும், மறுபடி அவ்வளவு நகர்ந்தால் மீண்டும் தேய்ந்து போவதையும் அனுபவிப்பார். கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை நேராக மட்டும் வருவதில்லை. எதிர்ச் சரிவிலே பட்டு ஒன்று, பாறையிலே மோதி ஒன்று, தகரக் கூரையிலே தெறித்து ஒன்று, ஈரமான இலைகளிடையே சிதறிப் பலப்பல என்று ஒரே அலையின் பிரதிகள் வெவ்வேறு தூரம் நடந்து வந்து சேருகின்றன. ஒன்றின் முகடும் மற்றொன்றின் அகடும் ஓரிடத்தில் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கைப்பேசிகள் பயன்படுத்தும் அலைகளில் பலவற்றின் நீளம் ஒரு சாணுக்கும் குறைவாதலால், கேட்கும் இடமும் கேளாத இடமும் விரற்கடைக் கணக்கில் மாறி மாறி அமைகின்றன. மலை தன் உருவத்தாலேயே செய்தியை மறைக்கிறது என்று இதனைச் சொல்லலாம். வானொலிப் பொறியாளர்கள் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். பல்வழிச் சிதறல் அவர்களுக்குப் பகை. அதனை அடக்குவதும், அதற்கு ஈடுகொடுப்பதும், இயலாவிடத்து விலகிச் செல்வதுமே அவர்கள் கற்ற வித்தை.

பால்ராஜ் இத்துறைக்கு நேர்வழியில் வந்தவர் அல்லர். கடற்படை அவரை டில்லி ஐ.ஐ.டி.க்கு அனுப்ப, அங்கே அவர் இரைச்சலில் புதைந்த செய்தியைக் கணிதத்தால் மீட்டெடுக்கும் வடிப்பான் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்தார். அந்தக் கல்வி ஏட்டளவில் நின்றுவிடாதபடி காலம் அவரை வேறிடத்துக்கு இழுத்துச் சென்றது. 1971-இல் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது, டிசம்பர் 9 அன்று இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில், ஹங்கோர் என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி நம்முடைய குக்ரி போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது; 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர்; கப்பலை விட்டு நீங்க மறுத்த கேப்டன் மகேந்திர நாத் முல்லாவும் அவர்களுள் ஒருவர். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவி, ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியைக் கேட்பது. வெப்ப நாட்டுக் கடலிலோ மேற்பரப்பு நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருப்பதால், ஒலி நேரே செல்லாமல் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. வளைந்த ஒலி எட்டாத நிழற்பகுதியில் ஒரு நீர்மூழ்கி தேவைப்படும் வரையில் பதுங்கியிருக்க முடியும். கடல் மறைத்தது, மறைத்ததன் விலை 194 உயிர்கள். இந்த எண்ணிக்கையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறைத்தலை அருள் என்று பேசத் துணிபவன் இதற்குப் பதில் சொல்லாமல் கட்டுரையை முடிக்கலாகாது.

போருக்குப் பின் பிரிட்டிஷ் சோனார்களைத் திருத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. அதன் தொடர்ச்சியாகக் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் ஆப்சோ என்னும் புதிய சோனார் உருவாகி 1980-களின் தொடக்கத்தில் நம் கப்பல்களில் ஏறிற்று. பின்னர் ஸ்டான்போர்டில் சில ஆண்டு, பெங்களூரில் ஆராய்ச்சி நிலையங்களைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு, 1991-இல் கமோடோர் பதவியில் ஓய்வு, மறுபடி ஸ்டான்போர்டு. முப்பதாண்டுக் கடற்படை ஊழியத்தை முடித்துக்கொண்டு நாற்பத்தேழு வயதை நெருங்கும் ஒருவர், பிற நாட்டில் ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழுவில் மறுபடி அடியிலிருந்து தொடங்குவதை நம்மவர் பலர் பதவி இறக்கமாகக் கருதுவர். அவருடைய பெயர் உலகில் நிலைத்ததோ அதற்குப் பிறகு செய்த வேலையால்தான்.

அந்தப் பேராசிரியர் தாமஸ் கைலாத். அவருடைய குழுவில் பால்ராஜ் மேற்கொண்ட ஒரு பரிசோதனை, ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு வானொலி நிலையங்களின் அலைகளைப் பல ஆண்டெனாக்களால் வாங்கித் தனித்தனியே பிரிப்பது. இரண்டு நிலையங்களும் வெவ்வேறு திசையில் இருந்தால் பிரிக்கலாம்; மிக நெருங்கியிருந்தால் பிரிக்க இயலாது என்பது சாஸ்திரம். ஆனால் சுற்றுப்புறத்தில் அலை சிதறும்போது, நெருங்கியிருந்த நிலையங்களையும் பிரிக்க முடிந்தது. பள்ளிக் கணக்கை அறிந்தவருக்கு இதன் காரணம் எளிது. அறியாத கணியங்கள் இரண்டு இருந்தால் சமன்பாடுகள் இரண்டு வேண்டும். ஆனால் இரண்டாவது சமன்பாடு முதலாவதன் மடங்காகவே இருந்தால் அது புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. தடையற்ற வெளியில் நெருங்கிய இரு நிலையங்களும் எல்லா ஆண்டெனாக்களிலும் ஏறக்குறைய ஒரே பதிவைத் தந்து, சமன்பாடுகள் ஒன்றன் நகலாக மற்றொன்று ஆகிவிடுகின்றன. பாறையும் சுவரும் மரமும் அலைகளைக் கலைத்துச் சிதற அடிக்கும்போதோ, ஒவ்வொரு வழியும் தனக்கென ஓர் அடையாளத்தைப் பெற்று, சமன்பாடுகள் ஒன்றையொன்று சாராதனவாகி, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் வேண்டுமென்றே பல ஆண்டெனாக்களிலிருந்து வெவ்வேறு செய்திகளை ஒரே நேரத்தில் ஒரே அதிர்வெண்ணில் அனுப்பி, மறுமுனையில் பல ஆண்டெனாக்களால் பிரித்தெடுத்தால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய எண்ணம். 1992-இல் அவரும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்; 1994-இல் அது கிடைத்தது. மைமோ என்று இன்று உலகம் அழைப்பது இதனையே. தொடக்கத்தில் நம்பியவர் சிலரே; பல்வழிச் சிதறலைப் பகையாகவே கண்டு பழகியவர்களிடம் அதனைச் செல்வம் என்று சொன்னால் அவர்கள் நகைப்பதே இயற்கை. இன்று நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளும் வைபையும் இதன்மேல் நிற்கின்றன. 2014-இல் மார்க்கோனி பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

விருதுகள் கிடக்கட்டும். நம்முடைய விசாரணைக்கு வேண்டியது அந்தக் கணக்கின் உட்பொருள். சிதறல் மறைக்கிறது, அந்தச் சிதறலே பிரித்தறியவும் உதவுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தியும், அவர்களுக்குப் பின் உமாபதியும் உயிரைக் கட்டும் அழுக்குகளாகிய மும்மலங்களைப் பற்றி ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட பிரச்சினை அமைப்பிலே இதனை ஒத்தது. மலம் என்ற ஒரே பெயரால் வழங்கினாலும், ஆணவத்தையும் மாயையையும் அவர்கள் ஒரு தட்டில் வைக்கவில்லை. ஆணவம் உயிரோடு அநாதியாய்ப் பிணைந்த இருள். அதனால் உயிருக்கு எவ்வித உபகாரமும் இல்லை. மாயையோ உயிருக்கு உடலையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்பொருள்களையும் தந்து, விடியும்வரை விளக்காய் நிற்பது என்பது அவர்கள் கொள்கை. மாயையும் ஒருவகையில் மறைப்பதுதான். ஆனால் அது மறைத்துக்கொண்டே காட்டுவது.

பொறியியலிலும் இந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது என்பது என்னை மிகவும் ஈர்த்த செய்தி. செய்தியைக் கெடுப்பன இரண்டு. ஒன்று சிதறல், மற்றொன்று இரைச்சல். 1928-இல் ஜான்சன் என்பவர் அளந்து காட்டி, நைக்விஸ்ட் கணிதத்தால் நிறுவிய உண்மை இது: எந்த மின்தடையும், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் சிறிதளவு சூடு உள்ளவரையில், தன்னுள்ளே ஓயாமல் ஓர் இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கிறது, அது வெளியிலிருந்து வருவதன்று, கேட்கும் கருவியின் உடலிலேயே பிறப்பது. சிதறலைக் கணக்கிட்டுப் பயன்படுத்தலாம். இந்த இரைச்சலின் சராசரி அளவை அறியலாமேயொழிய, கணந்தோறும் அது எப்படி எழும் என்று கணக்கிட்டுக் கழிக்கவும் முடியாது, அதிலிருந்து செய்தியைப் பற்றி எதையும் கற்கவும் முடியாது. கருவியைக் குளிர்விப்பது ஒரு வழி. குறைக்கலாம், முற்றும் ஒழிக்க இயலாது. ஆணவமும் முத்தியில் அழிவதில்லை, அடங்கி மட்டும் கிடக்கிறது என்று சித்தாந்திகள் சொல்வதைப் படித்தவர்கள் இங்கே சற்று நின்று யோசிப்பார்கள்.

ஒப்புமை இதோடு நிற்க வேண்டும் என்பதை நான் அறிவேன். ஆகமங்களில் மைமோ இருந்தது என்று மேடையேறி முழங்கும் அன்பர்களுக்கு இக்கட்டுரை உதவுமானால் எனக்கு வருத்தமே. மேலும் ஒப்புமை சில இடங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தருகிறது. தடையே இல்லாத வெட்டவெளியில் பல ஆண்டெனாக்கள் அனுப்பும் பல செய்திகள் ஒன்றாகவே கேட்கும் என்று கண்டோமல்லவா? பேதமெல்லாம் உபாதியால் எழுந்தவை, உபாதி நீங்கினால் ஒன்றே மிஞ்சும் என்று சொல்லும் அத்வைதி இதைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டினால் அவரை எளிதில் மறுத்துவிட முடியாது. பொறியாளர் அதனை வெற்றியாகக் கொள்ள மாட்டார், தகவல் இழப்பாகவே கணக்கிடுவார் என்பது மட்டுமே நாம் அவருக்குச் சொல்லக்கூடிய விடை.

இரைச்சலைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. 1964-65-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பென்சியாஸும் வில்சனும், நுண்ணலைகளை வாங்கும் பெரியதொரு கொம்பு ஆண்டெனாவில், எத்திசையை நோக்கினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கண்டு அலைந்தனர், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர், போகவில்லை. முடிவில் அது பிரபஞ்சம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சம் என்று தெளிவாயிற்று. 1978-இல் நோபல் பரிசும் வந்தது. அப்படியானால் இரைச்சல் என்று ஒதுக்கியதே ஆதியின் செய்தியாக இருக்கக் கூடுமே, ஆணவம், மாயை என்ற பாகுபாடு எங்கே நிற்கும் என்று கேட்கலாம். நிற்கிறது என்றே நினைக்கிறேன். அவர்கள் இருவரும் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, தங்கள் கருவி தானாக எழுப்பும் இரைச்சல் எவ்வளவு என்பதை முதலில் நுணுக்கமாக அளந்திருந்தார்கள். அதனைக் கழித்த பிறகும் மிஞ்சியது சுமார் மூன்றரைக் கெல்வின். தன்னுடைய இரைச்சலை அளந்தறியாதவனுக்கு வானத்தின் செய்தியும் தன் இரைச்சலாகவே கேட்டிருக்கும். தன் இரைச்சலும் வானத்தின் செய்தியாகக் கேட்டிருக்கலாம் என்பது அதைவிட ஆபத்து. நம் நாட்டில் அருள்வாக்கு வழங்கும் பெரியோர்களுள் எத்தனை பேர் அந்த முதல் அளவையைச் செய்தவர்கள் என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளட்டும்.

இனி, அந்த 194 உயிர்கள். கடலின் மறைப்பு அவர்களுக்கு எவ்வாறு அருளாகும்? வினை என்று மூன்றாவது மலத்தைச் சொல்லிச் சித்தாந்தி கடந்துபோகலாம். மாண்டவர் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பொறியாளரின் கணக்கு இங்கே நமக்கு ஒரு நேர்மையைக் கற்பிக்கிறது. ஒற்றை ஆண்டெனா உடைய கருவிக்குச் சிதறல் வெறும் கேடு. பல ஆண்டெனாக்களும் பிரித்தறியும் முறையும் உடைய கருவிக்கு அதே சிதறல் செல்வம். மலை மாறவில்லை, அலை மாறவில்லை, கேட்பவன் மாறினான். ஆகவே மறைப்பு தன்னளவில் அருளும் அன்று, கொடுமையும் அன்று. குக்ரியில் இருந்தவர்களுக்கு அக்கடலைக் கேட்கும் செவி கொடுக்கப்படவில்லை. அது கொடுக்காதவர்களின் குறையேயொழிய, இறைவனின் திருவிளையாட்டு என்று அதற்குப் பெயரிடுவது பாவம். வறியவனைப் பார்த்து உன் தடைகளெல்லாம் உன்னைப் பக்குவப்படுத்தவே வந்தன என்று போதிப்பவர், அவனுக்கு இரண்டாவது செவியைக் கொடுக்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். பால்ராஜ் அந்தக் கடலைப் பற்றி வேதாந்தம் பேசவில்லை; பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துக் கப்பல்களுக்குச் செவி செய்து கொடுத்தார். திரோதானத்தை அருள் என்று சொல்ல யாருக்கேனும் உரிமை உண்டென்றால், இவ்விதம் உழைத்தவர்க்கே உண்டு. அவரோ அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டிய தேவையே இல்லாதவர்.

செவிகள் பல இருந்தால் மட்டும் போதாது என்பதும் அந்தத் துறையின் பாடம். வழி எப்படிச் சிதறடிக்கிறது என்பது தெரியாமல் செய்தியைப் பிரிக்க முடியாது. அதற்காக அனுப்புபவர், செய்திகளுக்கு நடுவே, கேட்பவருக்கு முன்பே தெரிந்த சில அடையாள அலைகளைக் கலந்து அனுப்புகிறார். அவற்றில் புதுச் செய்தி சிறிதும் இல்லை. இன்ன அலை வரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆயினும் தெரிந்த அலை எவ்வாறு திரிந்து வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்தே, இந்தக் கணத்தில் வழியின் தன்மை என்ன என்பதைக் கருவி கண்டுகொள்கிறது. அதன் பிறகே தெரியாத செய்தியைத் தெளிவாகப் படிக்கிறது. மனப்பாடமாய்த் தெரிந்த பதிகத்தை நாள்தோறும் ஓதுவதால் என்ன புதிதாய்த் தெரிந்துவிடப் போகிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு; பெரியவர்களும் மரபு, வழக்கம், புண்ணியம் என்று மழுப்பிவிடுவதுண்டு. புதிதாகத் தெரிய ஒன்றும் இல்லை என்பதே அதன் பயனுக்கு ஆதாரம். நேற்று கண்ணீர் வருவித்த அடி இன்று வாயளவில் நிற்குமானால், பாட்டு மாறவில்லை. இடையில் உள்ள வழி மாறியிருக்கிறது. இன்று மனத்தில் எழும் மற்ற எண்ணங்களையும் அந்தத் திரிபைக் கழித்தே படிக்க வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

இதிலிருந்து நாம் எதிர்பாராத ஒரு முடிவும் கிடைக்கிறது. அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் கருவிக்கு அடையாள அலைகள் எப்போதாவது வந்தால் போதும். வழி அதற்கு மெதுவாகவே மாறும். ஏற்காட்டு வளைவுகளில் விரைந்து இறங்கும் பேருந்தில் உள்ளவனுக்கோ கணந்தோறும் வழி மாறுவதால், அவை அடிக்கடி வர வேண்டும். சேர்வராயன் கோயிலில், குனிந்தே நுழைய வேண்டிய அந்தக் குகைக்குள் அசையாது அமர்ந்து தியானிக்கும் ஒரு துறவியைவிட, காபித் தோட்டத்தில் கூலிக் கணக்கும் சந்தை விலையும் பிள்ளைகளின் படிப்பும் என்று ஓடிக்கொண்டிருக்கும் இல்லறத்தானுக்கே நித்திய அனுஷ்டானம் மிகுதியாக வேண்டியிருக்கிறது என்று ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அதை நாம் தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. மூன்று வேளைச் சந்தியையும் நாள்தோறும் செய்யும் பூசையையும் இல்லறத்தார்க்கு விதித்து, துறந்தார்க்குக் கர்மங்களைத் தளர்த்திவிட்ட பழைய நியதிகளுக்கு வேறு காரணங்கள் பல சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றோடு இதனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.